கொடுத்தது தெரியணும்

கோயிலுக்கு எதையாவது கொடுப்பதென்றால் அவர் முதலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்ப்பார். கொடுக்கப் போகிற பொருள் அங்கிருந்து தெரியுமா என்று பார்க்கத்தான். அப்புறம் நடு பெஞ்சு. அப்புறம் பெண்கள் பக்கம், தூணுக்குப் பின்னால். மூன்று இடத்திலிருந்தும் தெரிந்தால்தான் பங்குத்தந்தையிடம் பேச்சே எடுப்பார். வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, நிலம் அளக்க வந்த சர்வேயர் மாதிரி பீடத்தைப் பார்த்து நிற்பார். ஜெபிக்க வந்தவர்கள் அவர் நகரும்வரை காத்திருப்பார்கள்.

"குடுத்தது தெரியணும்டே" என்பார். "ஆண்டவருக்குத் தெரியும், சரி. சனத்துக்குத் தெரியண்டாமா?"

எங்கள் கடற்கரையில் பிறந்து, குவைத்தில் கட்டட காண்ட்ராக்ட் எடுத்துச் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பியவர். சின்ன வயதில் அவரும் என் அப்பாவும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள் என்பதால் நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் அது வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டாகிவிட்டது. மணிக்கூண்டுக் கடிகாரத்தில், சிலுவை நட்ட குருசடியின் கேட்டில், கல்லறைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில், பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் கதவில். உள்ளே இருப்பவருக்கும் தெரிய வேண்டுமென்று கதவின் இரண்டு பக்கமும் எழுதச் சொன்னார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது பகடியாக இருக்கலாம். பஸ் ஸ்டாப் பகடி இல்லை. அவர் கட்டிக் கொடுத்த பஸ் ஸ்டாப்பில் பேர்ப்பலகை நாலடி உயரம். கூரை வெளியே நீண்டிருப்பது இரண்டடி. மதியத்துக்கு மேல் வெயில் உட்காருகிறவர்கள் முகத்தில் நேராக அடிக்கும். நாகர்கோவில் பஸ்ஸுக்கு வருகிற நாங்களெல்லாம் பெஞ்சை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் பலகையின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே வரிசையாக நிற்போம்.

ஊரில் யாராவது அவரைப் பற்றி முகம் சுளித்தால் உடனே இன்னொருவர் கல்லுக் கதையைச் சொல்லிவிடுவார். கோயில் கட்டும்போது அவருடைய அப்பா கூலி வாங்காமல் மாதக்கணக்கில் மண் சுமந்தாராம். உதவியவர்கள் பேரையெல்லாம் மயிலாடிக் கல்தச்சர்களிடம் கொடுத்துக் கல்லில் வெட்டிப் பதித்தபோது அந்த மனுசனின் பேரை மட்டும் விட்டுவிட்டார்களாம். அந்த வேதனையில்தான் மகன் இப்படி ஆகிவிட்டான், பாவம். நானும் இதைக் கேட்டு இளகியதுண்டு. ஒரு நாள் பாவசங்கீர்த்தன வரிசை நீளமாக இருந்தது. பொழுது போகாமல், பின்சுவரில் இருந்த அந்தக் கல்லை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தேன். பதினேழாவது வரியில் அவர் அப்பா பேர் இருந்தது. வீட்டுப் பேரோடு சேர்த்து, எழுத்துப்பிழை இல்லாமல்.

வெளியே வந்ததும் அவரிடமே கேட்டேன். "மாமா, கல்லுல உங்க அப்பாக்க பேரு இருக்கே?"

அவர் அசரவில்லை. "இருக்குல்லா? குனிஞ்சு நின்னு மூக்க கல்லுல ஒரசுனாத்தான் தெரியும். அதெல்லாம் ஒரு பேரா மக்கா?"

அன்றோடு இளக்கம் போயிற்று.

நான் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பேன். என்னோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி அயர்லாந்துக்குப் போகும்போது அவளுடைய எலக்ட்ரிக் கிட்டாரை எனக்குத் தந்துவிட்டுப் போனாள். கிட்டார் மட்டும்தான் தந்தாள். எலக்ட்ரிக் கிட்டார் தனியாக இருந்தால் அது வெறும் பலகை. காதோரம் கொசு முனகுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். கோயில் மைக்கெல்லாம் வந்து சேருகிற மிக்சரில் நேராகச் சொருகிப் பார்த்தேன். தகரத்தில் சரளைக்கல்லை வாரி எறிந்த மாதிரி இருந்தது. ஃபாதர் அன்று பூசை முடிந்ததும் கூப்பிட்டு, "இதுக்கு என்ன வேணும்னு பார்த்துச் சொல்லும்மா. சின்னதா இருக்கட்டும். உங்க மூலையில இடமே இல்ல" என்றார்.

உண்மையிலேயே இடமில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டுக்கும் தூணுக்கும் நடுவில் ஆறு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று பாடுகிற மூலை அது. அங்கேதான் ரோஸ்லின் அக்கா நிற்பாள். கொளச்சல் சந்தையில் மீன் விற்கிறவள். சந்தையில் அவள் கூவினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஆனால் கோயிலில் பதிலுரைப் பாடல் பாடும்போது அந்தக் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். மெல்லிசாக, கொஞ்சம் நடுங்கி, பக்கத்து வீட்டில் யாரோ தனக்குத்தானே பாடுவது மாதிரி வரும். அது கேட்கிற ஞாயிறுகளில் கைக்குழந்தைகள்கூட அழாது. என் கிட்டார் அந்தக் குரலுக்கு அடியில் இருக்க வேண்டும், மேலே ஏறக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரு மாதம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் அதையே பார்த்தேன். கிட்டாருக்கென்றே வருகிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப், வேண்டாம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் கோயிலில் கூரை உயரம், சுவரெல்லாம் சிமெண்ட். ஒரு முறை கைதட்டினால் மூன்று முறை கேட்கும். அதில் ஆம்ப்பை வைத்தால் அந்தச் சத்தம் பாடுகிறவர்களின் மைக்கிலும் புகுந்து எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. கிட்டாரை அதில் சொருகி, அதிலிருந்து நேராக மிக்சருக்குக் கொடுத்துவிடலாம். ஆம்ப் போடுகிற குரலையெல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும். காலால் மிதித்தால் பாட்டுக்குத் தகுந்த மாதிரி மாறும். வீட்டில் அம்மா சீரியல் பார்க்கும்போது நான் ஹெட்போன் மாட்டிப் பழகலாம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். முதல் பூசைக்கும் இரண்டாம் பூசைக்கும் நடுவில் கிடைக்கிற பத்து நிமிடத்தில் மாட்டிக் கழற்றலாம். குமிழ்கள் எத்தனை என்றுகூடப் பார்த்தேன். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்குக் குமிழ் அதிகமிருந்தால் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். கடைசியில் லேப் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று மாடல்களை எழுதி, அதில் ஒன்றைக் கட்டம் கட்டி ஃபாதரிடம் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர், "பாடகர் குழுவுக்கு ஒரு சிறு கருவி..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் முன் பெஞ்சில் வேட்டி சரசரத்தது. அவர் எழுந்து நின்று, பீடத்துக்கு முதுகைக் காட்டி, சனங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கடைக்கு நீயும் வா மக்கா. எனக்க கார்ல போவலாம்" என்றார் என்னிடம்.

அந்தக் காரில் ஏற எனக்கு மனமே இல்லை. அதற்குக் காரணம் அப்பா.

எங்கள் ஊரில் முன்பெல்லாம் யாராவது இறந்தால், சொந்தக்காரர்கள் வெளியூரிலிருந்து வரும்வரை ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் வாங்கிவந்து உடலுக்கு அடியில் வைப்பார்கள். அவர் ஒரு ஃப்ரீசர் பெட்டி வாங்கிக் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டி. இரண்டு பக்கமும் நீல எழுத்தில் அவர் பேர், ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம். ஊரில் யார் செத்தாலும் முதலில் கண்ணில் படுவது அவர் பேர்தான்.

அப்பா ஒரு நாள் வலை காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அரை மணி நேரத்தில் பெட்டி வந்துவிட்டது. சித்தி வரும் வழியில் தோவாளைப் பூச்சந்தையில் இறங்கி, கை தடிமனுக்கு ஒரு பிச்சிப்பூ மாலை வாங்கி வந்திருந்தாள். நான் அதைக் கண்ணாடியின் பக்கவாட்டில், சரியாக அந்த எழுத்துகளின் மேல் தொங்கவிட்டேன். அப்பாவுக்குப் பிச்சிப்பூ பிடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். அது காரணமில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். நின்றார், சிலுவை போட்டுக்கொண்டார், உதடு அசைய ஜெபித்தார். கண்ணிலிருந்து தண்ணீர்கூட வந்தது. நான் பார்த்தேன், உண்மையான கண்ணீர். கண்ணைத் துடைத்த அதே கையின் இரண்டு விரலால் மாலையைத் தூக்கி, தலைமாட்டுப் பக்கம் ஒதுக்கிப் போட்டார். சரிந்திருந்த மாலையை யாரோ ஒழுங்குபடுத்துகிற மாதிரி, அவ்வளவு இயல்பாக. அதற்குப் பிறகுதான் போட்டோ எடுக்கிறவர் வந்தார். அப்பாவின் கடைசிப் படத்தில் அப்பா முகம் இருக்கிறது, குனிந்து அழுகிற அம்மா இருக்கிறாள், இருவருக்கும் கீழே நீல எழுத்தில் அவர் இருக்கிறார்.

அம்மா அந்தப் படத்தைத்தான் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறாள். நான் அடிச்சட்டத்தில் ஒரு அந்தோனியார் படத்தைச் சொருகி எழுத்தை மறைத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு என் கோபம் புரியாது. "அந்தப் பெட்டி இல்லண்ணா உனக்க அப்பாவ மீனக் கணக்கா ஐஸ்ல போட்டிருப்போம். குடுத்தவன எதுக்குட்டி ஏசுக?" என்பாள். அதில் நியாயம் இருந்ததால் வெறுப்பு கூடத்தான் செய்தது.

ஆனாலும் காரில் ஏறினேன். நாகர்கோவில் கடையில் நான் கட்டம் கட்டிய பெட்டி இருந்தது. கடைக்காரர் பொறுமையானவர். என் கிட்டாரை வாங்கி மாட்டி, ஒரு சின்ன ஸ்பீக்கரில் கொடுத்து, "வாசிச்சுப் பாருங்க" என்றார். நான் பதிலுரைப் பாடலுக்கு வாசிக்கிறதை மெல்ல வாசித்தேன். அவ்வளவு நாள் போனில் யாரோ வாசிக்கக் கேட்ட சத்தம் என் விரலிலிருந்து வந்தது. அதையே இன்னொரு முறை வாசித்தேன்.

மாமா கடை வாசலுக்குப் போய் நின்று, ஒரு கண்ணைச் சுருக்கி, பெட்டியைப் பார்த்தார்.

"எங்க இருக்கு? உனக்க காலு மறைக்கி."

நான் காலை நகர்த்தினேன்.

"இவ்வளவுதானா?" என்றபடி வந்து அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். மேலே குமிழும் திரையும், பின்னால் சொருகுகிற ஓட்டைகள். அடியில் ரப்பர். "இதுல எனக்க பேரு எங்கன எழுத?"

கடைக்காரர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சார், இவங்க கேக்கிற காரியத்துக்கு இதுதான் சரி. கோயில்ல இப்போ எல்லாரும் இப்படித்தான்..."

"அது என்னது?" அவர் விரல் கடை மூலையைக் காட்டியது. அங்கே ஒரு ஆம்ப் நின்றது. என் இடுப்பு உயரம். முன்பக்கம் முழுவதும் கறுப்புத் துணி, அதற்குப் பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர்.

"அது வெளி மேடைக்குள்ளது மாமா. ஆயிரம் பேரு நிக்கிற மைதானத்துக்கு. நமக்குச் செவிடு ஆயிரும்."

"நம்ம திருவிழாவுக்கு ஆயிரம் பேரு வரல்லியா?"

"பூசைக்குச் சொல்லுதேன். ரோஸ்லின் அக்காக்க பாட்டு கேக்காது."

"அவளுக்கு மைக்கு நாந்தானே குடுத்தேன்? கேக்கும்." சொல்லிவிட்டு அந்தக் கறுப்புத் துணியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், பெயிண்ட் பிடிக்குமா என்று.

இரண்டு பேர் சேர்ந்து தூக்கித்தான் அதைக் காரில் ஏற்ற முடிந்தது. வரும் வழியெல்லாம் அவர் பேசினார். மஞ்சளா வெள்ளையா, எது தூரத்துக்குத் தெரியும் என்று.

மஞ்சள்தான். தமிழில் ஒரு வரி, இங்கிலீஷில் ஒரு வரி. எங்கள் மூலையில் அது கொள்ளவில்லை என்பதால் பீடத்துப் படிக்கட்டின் ஓரத்தில், சனங்களைப் பார்த்து வைக்கச் சொன்னார். முதல் ஞாயிறு குமிழை ஒன்றில் வைத்தேன், சத்தமே வரவில்லை. மயிரிழை கூட்டினேன். வருகைப் பாடலின் முதல் தட்டிலேயே முன் பெஞ்சுப் பெண்கள் முக்காட்டோடு சேர்த்துக் காதைப் பொத்தினார்கள். பாடாத நேரத்தில் அது வண்டுக்கூடு மாதிரி இரைந்தது. பதிலுரைப் பாடலில் ரோஸ்லின் அக்காவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பூசை முடிந்து வரும்போது அவள் என்னிடம், "நான் பாடுனனாட்டி இன்னைக்கு?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கே கேட்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு பூசைக்கு முன்பே போய், கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையின் உதவியோடு ஆம்ப்பைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். சத்தம் சுவரில் அடித்துக் கொஞ்சம் மழுங்கி வரும், ஓரளவு தாங்கலாம். ரோஸ்லின் அக்காவின் முதல் வரி கேட்டது. நான் மூச்சு விட்டேன்.

பிரசங்கம் ஆரம்பித்தது. ஃபாதர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முன் பெஞ்சிலிருந்து எழுந்தார். பாத்ரூம் போகிறார் என்று நினைத்தேன். நேராகப் பீடத்துப் படிக்கு வந்தார். குனிந்து, இரண்டு கையாலும் ஆம்ப்பைக் கட்டிப்பிடித்து, தரையில் கரகரவென்று இழுத்துத் திருப்பினார். அந்தக் கரகரப்பு கூரைவரை போய்த் திரும்பி வந்தது. ஃபாதர் பேச்சை நிறுத்தினார். கோயிலே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் துண்டு முனையால் மஞ்சள் எழுத்தின் மேல் ஒரு துடை துடைத்துவிட்டு, பீடத்துக்கு முழங்காலிட்டு வணங்கிவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

ஃபாதர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று எனக்கு ஊர் மேலேயே அருவருப்பு வந்தது. என் மேலும்தான், நானும் சொல்லவில்லையே.

அந்த மாதச் சம்பளத்தில் நானே போய் அந்தச் சின்னப் பெட்டியை வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் எடுத்து வைத்தார். ஃபாதரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். மூன்றாம் ஞாயிறு ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டிப் பின்னால் தள்ளினேன். கிட்டார், சின்னப் பெட்டி, மிக்சர். முடிந்தது. ரோஸ்லின் அக்கா அன்று பாடியதைக் கேட்டு ஃபாதர் நற்செய்தி வாசிக்க எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதித்தார்.

ஆம்ப் தன் இடத்திலேயே நின்றது, மஞ்சள் எழுத்தோடு, உயிரில்லாமல்.

அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டினார். பூசை முடிந்து வெளியே போகும்போது பக்கத்திலிருந்தவரிடம், "சத்தம் எப்பிடி? ரெண்டு ஸ்பீக்கராக்கும்" என்றார். நான் கேபிள் சுருட்டிக்கொண்டே அதைக் கேட்டேன். வாழ்க்கையில் எனக்கு அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை.

அது ஒரு வருடம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருக்கும். அவர் முகத்துக்கு நேராக நிற்பதற்காக, ரோஸ்லின் அக்காவிடம் சொல்லி இடம் மாறிக்கொண்டேன். உயிரில்லாத பெட்டிக்கு ஒரு மனுசன் தாளம் போடுகிறதைப் பார்க்க வேண்டுமே! காணிக்கைப் பாட்டில் வேண்டுமென்றே ஒரு சுற்று கூடுதலாக வாசித்து, அவர் புருவம் உயர்கிறதா என்று பார்ப்பேன். உயரும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை நடித்துக் காட்டுவேன். அம்மா சிரிக்க மாட்டாள்.

திருவிழாவின் பத்தாம் நாள் பெரிய பூசைக்கு அவர் திருவனந்தபுரத்திலிருந்து சம்பந்தி வீட்டாரை அழைத்து வந்திருந்தார். பூசை முடிந்ததும் கூட்டத்தை விலக்கி அவர்களைப் பீடத்துப் பக்கம் கூட்டி வந்தார். பட்டுச் சேலையும் கசவு வேட்டியுமாக ஏழெட்டுப் பேர். அவர் ஆம்ப்பின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கேட்டியளா சத்தத்த? கோயிலே அதிருகுல்லா? நம்ம வகையாக்கும்."

எனக்கு என்ன வந்ததோ. ஒரு வருடம் தனியாகச் சிரித்தது அலுத்துவிட்டது போலிருக்கிறது. இன்னும் நாலு பேர் சேர்ந்து சிரிக்க வேண்டும் போலிருந்தது.

"மாமா, அதுல கரண்டே இல்ல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "பிளக்கப் புடுங்கி ஒரு வருசம் ஆச்சு. சத்தம் இதுல இருந்தாக்கும் வருது." காலடியில் இருந்த என் பெட்டியைக் காட்டினேன்.

சம்பந்தி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயதான ஒருவர் ஆம்ப்பின் பின்னால் எட்டிப் பார்த்து, வயரைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "இந்தப் புள்ளைக்கு எப்பவும் பகடிதான்" என்று சொல்லி அவர்களைச் சாப்பாட்டுப் பந்தலுக்கு அழைத்துக்கொண்டு போனார். அவர் முகம் சுருங்கவில்லை. நான் அதற்காகத்தான் சொன்னேன், அது நடக்கவில்லை.

கோயில் காலியானது. நான் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் திரும்பி வந்தார். பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறார், கை ஈரமாக இருந்தது. ஏசப் போகிறார் என்று நான் தயாராக நின்றேன். அவர் பீடத்துப் படியில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் மக்கா."

"என்ன தெரியும்?"

"ஆம்பு ஓடல்லண்ணு. முன்னால ஒரு செவப்பு லைட்டு உண்டு, எனக்க பேருக்கு மேல. நீ பிளக்கப் புடுங்குன அண்ணைக்கே அது எரியல்ல. எனக்குத் தெரியாம இருக்குமா?"

"பின்ன எதுக்கு மாமா சொல்லல்ல?"

"எதுக்குச் சொல்லணும்? ரோஸ்லினுக்க பாட்டு கேட்டுது. நீயும் நல்லா வாசிச்ச. எனக்க பெட்டியும் அங்கன நிக்கி. யாருக்கு என்ன கொறவு?"

இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கம் கிடையாது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மனுசனுக்குத் தான் கொடுத்த பொருள் வேலை செய்யவில்லை என்று தெரியும், அது அங்கே நின்றால் போதும் என்று இருந்திருக்கிறான். பொய்யென்று தெரிந்துகொண்டே "ரெண்டு ஸ்பீக்கராக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். "உங்களுக்கு நாணமே இல்லியா மாமா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார்.

"நான் பேர எழுதி வெச்சுட்டு சும்மா இருக்கேன் மக்கா. எனக்கு அது போரும். ஆனா நீ ஒரு வருசமா ஒவ்வொரு பாட்டுக்கும் எனக்க மொகத்தப் பாத்துல்லா வாசிச்ச? நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளாவது பீடத்தப் பாத்தியா நீ?"

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் சொன்னார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து, "சம்பந்தக்காரங்க தனியா இருக்காங்க" என்று பந்தலுக்குப் போய்விட்டார்.

எனக்கு இப்போதும் அவரைப் பிடிக்காது. இதை எழுதும்போதுகூட அப்பாவின் மாலையை ஒதுக்கிய அந்த இரண்டு விரல்தான் முன்னால் வந்து நிற்கிறது. அவர் அன்று சொன்னதால் அவர் நல்லவராகிவிடவில்லை. ஆனால் அவரை நினைத்துச் சிரிக்க எனக்கிருந்த உரிமையை அவர் அன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை நான் மன்னிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு என் பழைய இடத்துக்கே, தூணோரத்துக்கு, மாறிக்கொண்டேன். ரோஸ்லின் அக்கா ஏன் என்று கேட்கவில்லை. பதிலுரைப் பாடல் வந்தது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பீடத்தைப் பார்த்தேன்; நடிக்கிற மாதிரி இருந்தது. கீழே பார்த்தேன், என் விரல்களே வேறு யாருடையதோ போலிருந்தன. இரண்டாவது வரியில் தவறான சுரத்தில் கையை வைத்துவிட்டேன். ஒரே ஒரு தட்டு. ரோஸ்லின் அக்கா பாடிக்கொண்டே போனாள். ஃபாதர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிறைந்திருந்த கோயிலில் யாருக்கும் அது தெரியவில்லை.

முன் பெஞ்சில் அவர் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.